சீவாளி இல்லாத கிளாரினெட்

க்ளோவிஸ் தூசானுக்கு அறுபத்தைந்து வயதில் புகழ் வந்து சேர்ந்தது. கேட்காமல் வந்த புகழ். நியூ ஆர்லியன்ஸ் இசைக் காப்பகம் ஒன்று பழைய போட்டோ ஒன்றைத் தூசி தட்டி எடுத்திருந்தது. 1931. சங்கக் கட்டடத்தின் வாசலில் ஜாஸ், ப்ளூஸ் வாத்தியக்காரர்கள் எட்டுப் பேர். வலது ஓரத்தில், கிளாரினெட்டும் கையுமாக, நம் க்ளோவிஸ்.

விஷயம் என்னவென்றால், க்ளோவிஸுக்குக் கிளாரினெட் ஊதத் தெரியாது.

அந்தக் காலத்தில் இது பாண்டுக்காரர்களுக்குள் மட்டும் தெரிந்த ஏற்பாடு. ஊர்வலத்துக்கு எட்டுப் பேர் வேண்டும் என்று பாண்டை அமர்த்தும் சங்கம் கறாராகக் கேட்கும். பாண்டில் ஏழு பேர்தான் தேறுவார்கள். தெருவில் போகிற எவனையாவது பிடித்துச் சீருடையை மாட்டி, கையில் ஒரு வாத்தியத்தைத் திணித்துவிடுவார்கள். தப்பித் தவறி ஊதித் தொலைத்துவிடக் கூடாதே என்று, ஊதினால் சத்தம் எழுப்பும் நாக்கான சீவாளியைக் கழற்றிவிட்டுத்தான் கொடுப்பார்கள். அன்று ஐஸ் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனவர் க்ளோவிஸ். சீருடை அவருக்குப் பொருந்தியது. தகுதி அவ்வளவுதான்.

அதோடு போயிருந்தால் தொல்லையில்லை. அந்த ஊர்வலத்தில்தான் யூலாலி அவரைப் பார்த்தாள். மூன்று மாதத்தில் கல்யாணம். "வாசிக்கப் போகலையா?" என்று அவள் கேட்டபோது, உண்மையைச் சொல்ல வெட்கப்பட்டு, "உனக்காக விட்டுட்டேன்" என்று சொல்லிவைத்தார். சும்மா ஒரு பேச்சுக்குத்தான். அவள் அழுதுவிட்டாள். அழுத பெண்ணிடம் போய் எந்த மடையன் பேச்சை வாபஸ் வாங்குவான்? முப்பத்தேழு வருஷமாக நண்டுக் குழம்பில் பெரிய கால் அவர் தட்டில்தான் விழுந்தது. மனிதர் கூச்சமில்லாமல் தின்றார்.

இப்போது காப்பகத்து மாடியில், பேராசிரியர் பெம்பர்ட்டன் டேப் ரெக்கார்டரைச் சுழலவிட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தார். க்ளோவிஸுக்குப் பக்கத்தில் யூலாலி, சர்ச்சுக்குப் போகும் தொப்பியோடு.

"ஐயா, படத்துல உங்க வலது கை மேல இருக்கு, இடது கை கீழ. உலகத்துல யாரும் இப்படிப் பிடிக்கிறதில்ல. இது அழிஞ்சுபோன ஒரு தனிப் பாணின்னு நாற்பது பக்கம் எழுதியிருக்கேன்."

"அப்படிங்களா" என்றார் க்ளோவிஸ்.

"அதே பிடியில ஒரு நாலு ஸ்வரம் வாசிச்சுக் காட்டுங்க." பேராசிரியர் பளபளவென்று ஒரு கிளாரினெட்டை நீட்டினார். சீவாளியோடு.

யூலாலி அவர் முழங்காலைத் தொட்டாள். "வாசிய்யா. எனக்காக விட்டதெல்லாம் போதும். இன்னிக்கு ஒரு நாள் வாசி."

கை நடுங்குகிறது என்று சொல்லியிருக்கலாம். பல் வலி என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் முகத்தைப் பார்த்துவிட்டார். அதற்கு மேல் பொய் வரவில்லை.

"எனக்கு ஊதத் தெரியாதுங்க. நான் ஐஸ்காரன். ஆள் குறையுதுன்னு சும்மா பிடிச்சுக்கிட்டு நின்னேன்."

பேராசிரியருக்குப் புல்லரித்துவிட்டது. "பெரிய கலைஞர்கள் எல்லாருமே இப்படித்தான் சொல்றாங்க" என்று அதையும் குறித்துக்கொண்டார்.

"அடக்கமெல்லாம் இல்லீங்க. அதுல சீவாளியே கிடையாது."

"சீவாளி இல்லாமலே வாசிச்சீங்களா?" பேனா பறந்தது. நாற்பது பக்கம் எண்பதாகிவிடும் போலிருந்தது.

உலகத்தில் க்ளோவிஸை நம்பிய ஒரே ஆள் யூலாலிதான். யார் நம்பக் கூடாது என்று பயந்தாரோ அவள்.

"அப்போ, எனக்காக நீ எதை விட்ட?"

க்ளோவிஸ் நிஜமாகவே யோசித்துப் பார்த்தார். "ஒண்ணும் விடல."

"வாசல்ல பாண்டு போறப்பல்லாம் ஓடிப்போய் ஜன்னலைச் சாத்துவேனே. ஏன்னு நினைச்ச?"

"தூசி வருதுன்னு."

"உன் மனசு நோகுமேன்னுய்யா. சாத்திட்டு, கால் தானா ஆடிடுமோன்னு அடுப்படியில மேசைக் காலைப் பிடிச்சுக்கிட்டு நிப்பேன். எங்க தெருவுலயே நல்லா ஆடுறவ நான்தான். அன்னிக்கு ஊர்வலத்துக்கு நான் உன்னைப் பாக்கவா வந்தேன்? ஆட வந்தேன்."

இது க்ளோவிஸுக்குத் தெரியாது. ஒரே வீட்டில் முப்பத்தேழு வருஷம் இருந்தும் தெரியாது. தின்ற நண்டெல்லாம் நெஞ்சில் வந்து நின்றது.

"அம்மா, கொஞ்சம் மைக் பக்கமா வந்து சொல்லுங்க" என்றார் பேராசிரியர்.

சனிக்கிழமை ஆயிற்றே, கீழே தெருவில் சத்தம் கேட்டது. யாரையோ புதைத்துவிட்டு பாண்டு திரும்பிக்கொண்டிருந்தது. போகும்போதுதான் அழுகைப் பாட்டு, திரும்பும்போது கொண்டாட்டம். வாசிப்பவர்களுக்குப் பின்னால் குடையைச் சுழற்றிக்கொண்டு ஊரே ஆடிக்கொண்டு வந்தது. பதிவு கெட்டுவிடுமே என்று பேராசிரியர் ஜன்னலைச் சாத்த எழுந்தார்.

"கையை எடுங்க" என்றாள் யூலாலி.

அவர் எடுத்துவிட்டார். அவள் செருப்பைக் கழற்றினாள். கைப்பையை க்ளோவிஸ் மடியில் போட்டுவிட்டுப் படியிறங்கினாள்.

க்ளோவிஸ் மூச்சிரைக்க இறங்கி வருவதற்குள் அவள் கூட்டத்தின் நடுவே போய்விட்டிருந்தாள். அறுபது வயது இடுப்பா அது? வழிவிட்டு நின்று வேடிக்கை பார்த்தார்கள். "யூலாலி" என்று கூப்பிட்டார். மேளத்தில் கேட்கவில்லையோ என்னவோ. கைப்பையும் செருப்புமாகப் பின்னாலேயே நடந்தார். மூன்று தெரு தாண்டியும் அவள் திரும்பிப் பார்க்கவில்லை.