மேசை தொடர்பான விளக்கக் கடிதம்

ஆயிரத்து நானூற்றைம்பது ரூபாய். இன்னும் ஒரு வரிகூட எழுதப்படாத தன் நாவலுக்கு ஏழுமலை வைத்திருந்த விலை அது. பின்னட்டையின் வலது மூலையில் சின்னதாகப் போட்டிருந்தான். பின்னட்டை தயார், அவனே பென்சிலால் வரைந்து வைத்திருந்தான். முன்னட்டைக்கும் தலைப்பு உண்டு. இரண்டு அட்டைக்கும் நடுவில் வர வேண்டிய சமாச்சாரம் மட்டும்தான் பாக்கி.

யட்டியாந்தோட்டைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில் அவன் கணக்கப்பிள்ளை. காலையில் ஆட்கள் கூடும் பெரட்டுக்களத்தில் அவர்களுக்கு வரவுப் பேர் போட்டு மலைக்கு அனுப்புவான். பதினொரு மணிக்கு மேல் அவர்கள் வாளியில் கொண்டுவரும் பாலை நிறுத்து எழுதுவான். வயது முப்பத்தெட்டு. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது சிறுகதைப் போட்டியொன்றில் மூன்றாம் பரிசு வாங்கியவன். போட்டியிட்டதே மூன்று பேர் என்பதை அவன் ஒருபோதும் மறைத்ததில்லை. யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

இருபது வருடமாக "எழுதணும்" என்று சொல்லிக்கொண்டிருந்தவனை அசைத்தது ஃபோனில் பார்த்த ஒரு வீடியோ. கார் ஓட்டிக்கொண்டே பேசிய ஒரு ஆள், எழுத்தாளராக விரும்புகிறவர்கள் முதலில் ஐந்து வருட இலக்கு வைக்க வேண்டும் என்றார். ஏழுமலைக்குச் சிரிப்பு வந்தது. ஐந்து வருடமா? மிளகாய்த் தோட்டக்காரன் போடும் கணக்கு அது. ரப்பர்க்காரன் முப்பது வருடத்துக்குக் கணக்குப் போடுகிறவன். எந்த மரத்தில், எந்தப் பக்கத்துப் பட்டையை, எந்த வருடம் எத்தனை அங்குலம் வெட்டித் தீர்ப்பது என்று இன்றைக்கே கோடு போட்டு வைக்கிறவன்.

ஆகவே ஒரு பெரிய பிரிஸ்டல் அட்டை வாங்கி, முப்பது வருடத்துக்குக் கட்டம் போட்டான். கன்று நட்டால் ஆறு வருடம் மரத்தில் கத்தி படக் கூடாது. ஆகவே முதல் ஆறு வருடம் நாவல் மனசுக்குள் வளரும். ஒரு வரி எழுதக் கூடாது. ஏழாம் வருடம் பட்டை திறப்பு, அதாவது முதல் வரி. மரத்தை ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வெட்டுவார்கள், எழுத்தும் அப்படியே. மழை நாளில் வெட்டு இல்லை, எழுத்தும் இல்லை. கித்துல்கலப் பக்கத்து மழை எப்படிப்பட்டது என்று தெரிந்தவர்களுக்கு மிச்சக் கணக்கும் தெரியும். வருடத்துக்கு எண்பது நாள் தேறும். நாளுக்கு அரைப் பக்கம். முந்நூறு பக்கத்துக்கு ஏழரை வருடம். பதினாலாம் வருடம் வெளியீட்டு விழா. முப்பதாம் வருடக் கட்டத்தில், பெரிய பரிசொன்றை வாங்கியபின் ஆற்றப்போகும் நன்றியுரையின் குறிப்பு இருந்தது.

அட்டையை மேசைக்கு மேலே சுவரில் ஒட்டிவிட்டுப் பெண்சாதியைக் கூப்பிட்டான். சுமித்ரா கையில் துணி அளக்கும் இஞ்சி டேப்போடு வந்து, நின்று, மேலிருந்து கீழே வாசித்தாள்.

"நன்றி சொல்றதுல என் பேரு மூணாவதா?"

"அது அகர வரிசை."

"அப்ப துணிக்கடை முக்தார் நானா எப்படி மொதல்ல வந்தாரு?"

ஏழுமலை அட்டையின் மூலையை இன்னொரு தரம் அழுத்தி ஒட்டினான். அவள் விரலை மேலே கொண்டுபோனாள்.

"ஆறு வருசத்துக்கு ஒன்னுமே எழுத மாட்டீங்களா?"

"எழுதக் கூடாது. கன்னுல கத்தி வச்சா என்னாகும்?"

"செத்துப்போகும்."

"அதான்."

"அப்ப அந்த ஆறு வருசத்துக்கு மேசைய எனக்குக் குடுங்க. நான் துணி வெட்டிக்கிறேன். ஏழாம் வருசம் தூசி தட்டித் தாறேன்."

மேசையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இரண்டு அறையும் ஒரு குசினியும் கொண்ட அந்தக் குவாட்டர்ஸில் அதுதான் பெரிய மனிதர். ஆறடி நீளம், பலா மரம். தோட்டத்துப் பழைய பங்களாவைக் காலி செய்தபோது, கல்யாணத்துக்கு முந்தி, ஏழுமலை வாங்கியது. நாலு பேர் தூக்கி வந்து, முன்கதவைக் கழற்றித்தான் உள்ளே விட்டார்கள். அதன்மேல் ஒரு பேனாவும், அழிரப்பரும், ஒற்றை எழுத்தும் இல்லாத ஒரு கொப்பியும் ஒன்பது வருடமாக இருந்தன. சுமித்ராவின் தையல் மெசின் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில். துணி வெட்டுவது தரையில் பாய் போட்டு. குனிந்து வெட்டி வந்த நாரி வலிக்குத் தைலம் வாங்கியே அந்த மெசின் விலை போயிருக்கும்.

"மேசை எழுதுறதுக்கு மட்டும் இல்ல சுமி," என்றான் ஏழுமலை. "யோசிக்க எடம் வேணும்ல? காட்ட வெட்டி, கன்னு நட்ட நெலத்த சும்மாதான போட்டு வைக்கிறோம்?"

"எங்க சும்மா போட்டிருக்கீங்க? பதினோராம் நம்பர் மலையில ரப்பர் கன்னுக்கு நடுவுல வாழையும் அன்னாசியும் நட்டிருக்கு. தொரையே வந்து எண்ணிட்டுப் போறாரு."

தோட்டத்துக்காரனைத் தோட்டக் கணக்காலேயே மடக்கிவிட்டு அவள் உள்ளே போனாள். மேசை மட்டும் அவன் பக்கமே இருந்தது.

அடுத்த சனிக்கிழமை அவன் கடைத்தெருவுக்கு இறங்கினான். முக்தார் நானாவின் கடையில் ஒரு பக்கம் துணி, மறு பக்கம் கொப்பி. பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசாங்கம் கொடுக்கும் வெள்ளைத் துணியைத் தைத்துக் கொடுக்கும் ஓர்டர்களை அவர்தான் பிடித்து, சுமித்ராவுக்கு அனுப்புவார். அறுபத்தொரு வயது. பேரம் பேசாமல் ஒரு சாமான் விற்றுவிட்டால் அன்றைக்கு அவருக்குச் சோறு செமிக்காது.

"புத்தகம் போடப் போறீங்களாமே? வெல என்ன?"

"ஆயிரத்து நானூத்தம்பது."

"எத்தின பக்கம்?"

"முந்நூறு."

"பக்கம் அஞ்சு ரூவாக்குக் கிட்ட வருது." முக்தார் நானா பின்னால் கையை விட்டு ஒரு கொப்பியை எடுத்து முன்னால் போட்டார். "இந்தா, சீ.ஆர். கொப்பி. எருநூறு பக்கம், நானூத்தி எம்பது ரூவா. சுத்தமான வெள்ளப் பேப்பர். நீங்க அதுல எழுதி அழுக்காக்கிட்டு ரெண்டு மடங்கு கேக்கிறீங்க."

"எழுதினதுக்குத்தான நானா வெல!"

"எழுதிட்டீங்களா?"

"அது... இல்ல."

"அப்ப எழுதாத வெலைக்குப் பேசுவம். ஆயிரம். பத்துப் புத்தகம் நான் எடுக்கிறன்."

"ஆயிரத்து முந்நூறுக்குக் கீழ கட்டாது நானா. உழைப்பு இருக்கு."

"எங்க இருக்கு?"

இல்லாத சரக்கு என்பதால் இருவரும் தாராளமாகப் பேசினார்கள். ஒரு தடவை ஏழுமலை கடையை விட்டு இறங்கிப் படிவரைக்கும் போனான், முக்தார் நானா கூப்பிட்டார், திரும்பி வந்தான். ஆயிரத்து நூற்றைம்பதில் முடிந்தது. அவன் வாழ்க்கையில் இலக்கியத்துக்காக நடந்த முதல் போராட்டம் அது. நெற்றி வேர்த்திருந்தது.

"எப்ப வரும்?" முக்தார் நானா குறித்துக்கொள்ளப் பேனாவைத் திறந்தார்.

"பதினாலாம் வருசம்."

பேனா மூடியது.

"தம்பி, பதினாலு வருசம் போனா ஆயிரத்து நூத்தம்பதுக்குத் தேத்தண்ணியோட திங்கிற ஒரு பணிஸ்தான் வரும். நான் உசிரோட ஈப்பனோ என்னமோ, அல்லாஹ்தான் அறிவான். துணி வாங்க வாற ஆளுக்கு நாங்க மாதிரிக்கு ஒரு துண்டு வெட்டிக் கையில குடுக்கிறம். ஒங்கட துண்டு எங்க? ஒரு பக்கம், ரெண்டு பக்கம்?"

"வளரணும் நானா."

"ஹரி, சரி, வளரட்டும்." அவர் துணிப் பொதியைத் தூக்கி அவன் கையில் வைத்தார். "அறுவது உடுப்பு. ஸ்கூல் தொறக்க முந்தின வெள்ளிக்கிழம எனக்கு வேணும். போனமொற தரையில வெட்டி காலரெல்லாம் கோணல். உம்மாமார் வந்து எண்ட காதக் கடிச்சிட்டாங்க. இந்தமொறயும் கோணினா, அடுத்த வருசத்து ஓர்டர் கரவனெல்லயில தைக்கிற ரஹ்மாவுக்குத்தான். தங்கச்சிட்ட செல்லுங்க."

தங்கச்சியிடம் சொன்னான். சுமித்ரா பொதியைப் பிரித்துத் துணியை எண்ணி வைத்தாள். மறுநாள் பெரட்டுக்குக் கிளம்பும்போது சட்டைப் பையில் ஒரு கடுதாசி இருந்தது.

"ஏ. ஏழுமலை அவர்களுக்கு. தாங்கள் ஒன்பது வருட காலமாக ஆறடி மேசை ஒன்றை வேலை எதுவும் செய்யாமல் தடுத்து வைத்திருப்பதாகத் தெரிய வருகிறது. இதற்கான விளக்கத்தை மூன்று நாட்களுக்குள் எழுத்தில் தரவும். தவறினால் மேசை கையகப்படுத்தப்படும். இப்படிக்கு, சு."

அவள் எதில் கை வைத்தாள் என்பது தோட்டத்து ஆட்களுக்குத்தான் புரியும். வேலைக்கு வராதவன், பால் குறைந்தவள், துரையின் நாயைப் பார்த்துச் சிரித்தவன் என்று யாராயிருந்தாலும் ஒஃபீஸிலிருந்து கடிதம் வரும். மூன்று நாளில் விளக்கம் கொடுத்தாக வேண்டும். அந்த விளக்கங்களை எல்லாருக்கும் எழுதிக் கொடுப்பவன் ஏழுமலை. அவன் எழுதி ஒருவருக்கும் அரைநாள் பேர்கூட, அதாவது சம்பளம்கூட, வெட்டுப்பட்டதில்லை. பத்துப் பக்கம் சுற்றி வளைத்து, வாசிக்கிற துரைக்குக் கண் கலங்கும் இடம் பார்த்து, கடைசியில் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்பது அவன் கைமுறை. கடிதம் வந்து பதில் போடாமல் விட்டது அவன் சரித்திரத்திலேயே இல்லை.

மூன்று நாளும் மழை. பால் வெட்டு இல்லை. நிறுவைக் கொட்டிலில் அவனும் தராசும் மட்டும். மழை நாளில் எழுதக் கூடாது என்பது திட்டம்தான். ஆனால் அது நாவலுக்கு. இது ஒஃபீஸ் வேலை.

"மேசை தொடர்பான தங்கள் கடிதம் கிடைத்தது," என்று ஆரம்பித்தான்.

மேசை எப்படி வந்தது என்று சொல்லாமல் விளக்கம் நிற்காது. ஆகவே பங்களா வந்தது. தூக்கிய நாலு பேர் வந்தார்கள். அதில் ஒருவன் குடித்திருந்தான். மேசை வாசலில் மாட்டிக்கொண்டு உள்ளேயும் போகாமல் வெளியேயும் வராமல் நின்றபோது, பால் வெட்டும் மூக்காயி அக்கா வந்து, "கணக்கப்பிள்ளை ஐயா, பேசாம மேசையச் சுத்தி இன்னொரு வீட்டக் கட்டிக்கங்க" என்றது வந்தது. கழற்றிப் போட்ட கதவைத் தலையில் மழைக்குப் பிடித்துக்கொண்டு அவள் நடந்து போனது வந்தது. ஏழாம் பக்கத்தில் சுமித்ரா கல்யாணமாகி வந்தாள். வேறு இடம் இல்லாமல் மேசைக்கு அந்தக் கோடியில் அவளும் இந்தக் கோடியில் அவனும் முதல் சோறு தின்றார்கள். உப்புப் போத்தலைத் தரச் சொல்லக் கூச்சப்பட்டு இரண்டு பேரும் உப்பில்லாமல் தின்றார்கள். பதினோராம் பக்கம், வழக்கம்போல உண்மை.

"இந்த மேசையில் நான் ஒருநாளும் எழுதியதில்லை. உட்கார்ந்தால் ஒன்றும் வருவதில்லை. ஆறு வருடம் எழுதக் கூடாது என்று திட்டம் போட்டது, ஆறு வருடத்துக்கு யாரும் என்னைக் கேட்கக் கூடாது என்பதற்காக. கேட்காவிட்டால் நான் எழுத்தாளனாகவே இருக்கலாம். மன்னிக்கவும்."

சுமித்ரா நின்றபடியே வாசித்தாள். மூக்காயி அக்கா வந்த இடத்தில் சிரித்தாள். உப்புப் போத்தலில் சிரிப்பு நின்றது. கடைசிப் பக்கத்தை இரண்டு தரம் வாசித்தாள்.

"மேசைய எடுத்துக்கிறேன்."

"சரி."

பேனாவையும் அழிரப்பரையும் எடுத்து ஜன்னல் கட்டையில் வைத்தாள். துணியை விரித்தாள். கத்தரிக்கோலைக் கையில் எடுத்தவள் அப்படியே நின்றாள்.

"மூக்காயி அக்கா கதவ எடுத்துட்டுப் போனாங்களே, அப்புறம்?"

"அப்புறம் என்னா?"

"திருப்பிக் குடுத்தாங்களா?"

"அது பெரிய கதை."

சுமித்ரா திரும்பி முன்கதவைப் பார்த்தாள். அந்த வீட்டில் ஜன்னல், நிலை எல்லாம் மண் நிறம். முன்கதவு மட்டும் பச்சை. ஒன்பது வருடமாகத் திறந்து மூடுகிற கதவு.

"அப்ப இது யாரு வீட்டுக் கதவுங்க?"

"சொல்றேன்."

"சொல்லாதீங்க. எழுதுங்க."

ஏழுமலை சுவர் அட்டையைப் பார்த்தான். "காலத்துக்கு முந்திப் பட்டையத் தொறந்துட்டோம் சுமி. மரம் தாங்காது. ஒரு ரெண்டு வருசம் ஓய்வு குடுத்துட்டு..."

அவன் முடிக்குமுன்னே அவள் அட்டையைக் கிழியாமல் உரித்து மேசையில் போட்டாள். காலருக்கு நல்ல கெட்டி அட்டையில் மாதிரி வெட்டினால் கோணாது. முதல் ஆறு வருடத்தில்தான் ஒன்றும் எழுதியிருக்கவில்லையே. அதில் சின்ன காலர், பெரிய காலர் இரண்டும் தாராளமாக வந்தன. ஏழாம் வருடத்துப் பட்டை திறப்பு ஒரு கைப்பட்டியானது. மிச்சத்தைத் திரும்பச் சுவரில் ஒட்டினாள். நன்றியுரை தப்பித்தது.

வெள்ளிக்கிழமை அறுபது உடுப்பும் போயின. பொதிக்குள் அந்தப் பதினொரு பக்கத்தையும் அவள் வைத்து அனுப்பியது ஏழுமலைக்குத் தெரியாது. பின்னேரம் ஃபோன் வந்தது.

"தம்பி, காலரெல்லாம் நேர். தங்கச்சிட்ட செல்லுங்க." முக்தார் நானாவின் பின்னால் யாரோ விலை கேட்டுக் கத்திக்கொண்டிருந்தார்கள். "இரிங்க, வாறன்! தம்பி, அந்தக் கதவு என்ன ஆகின?"

"எழுதணும் நானா."

"எழுதுங்க, எழுதுங்க. வெல ஆயிரத்து நூத்தம்பதுதான். துண்டு நல்லா ஈக்கிது எண்டு ஒரு ரூவா கூட்ட மாட்டன்."

திங்கட்கிழமை மழை. அவன் கொட்டிலுக்குக் கிளம்பும்போது சுவரில் மிஞ்சியிருந்த அட்டையில், எட்டாம் வருடத்துக்கு மேலே, சுமித்ரா தையல் சோக்கால் எழுதியிருந்தாள்.

உடுப்பு அறுபது. தைத்தது அறுபது. பாக்கி இல்லை.
பக்கம் முந்நூறு. எழுதியது பதினொன்று. பாக்கி இருநூற்று எண்பத்தொன்பது பக்கமும், ஒரு கதவும்.