நாலு செகண்டு

“நாலே நாலு செகண்டா? அதுக்கா இந்தக் குதி குதிக்க?”

“சும்மாவா காக்கா? முந்நூறு நாளு தூங்குன மங்கள்யான் எஞ்சினு. பெங்களூர்ல இருந்து ஒரு சத்தம் குடுத்திருக்காங்க, படக்குன்னு முழிச்சுட்டு. நாளைக் கழிச்சு காலையில இருபத்துநாலு நிமிஷம் எரியணும். எரிஞ்சா செவ்வாயைச் சுத்தும். எரியலன்னா அப்படியே தாண்டிப் போயிரும். அப்புறம் யாராலயும் திருப்ப முடியாது.”

“உனக்குச் செவ்வாய். எனக்கு வியாழக்கிழமைதாம்லே முக்கியம்” என்று நயினார் தேநீரை நீட்டினார். ஷாம் ஒரு வாய் குடித்துவிட்டுக் கடலில் துப்பினான். ஒரே உப்பு.

“இன்னைக்கும் டப்பாவை மாத்தி எடுத்துட்டீங்க.”

“ரெண்டும் ஒரே நிறமா இருந்தா நான் என்ன செய்ய?”

ஒன்று பச்சை, மற்றது சிவப்பு.

நயினார் கப்பலின் சமையல்காரர், காயல்பட்டினத்துக்காரர். அந்த ஊர் வழக்கப்படி அண்ணன் என்ற பொருளில் ஷாம் அவரைக் ‘காக்கா’ என்பான். சர்க்கரை வியாதி அவருடைய இடது கண்ணை ஏற்கெனவே தின்றுவிட்டது. இப்போது வலது கண்ணிலும் திரை விழத் தொடங்கியிருந்தது. போன மாதம் படகில் வந்து பார்த்த மருத்துவர், உடனே ஆபரேஷன் செய்தால்தான் அந்தக் கண் மிஞ்சும் என்றார். கெஞ்சிக் கூத்தாடி, அவருக்குப் பதிலாக ஒரு காவலாளைப் பிடித்தாயிற்று. புதன்கிழமை பத்து மணிக்குப் படகு. வியாழக்கிழமை திருநெல்வேலியில் ஆபரேஷன். பை இப்போதே கட்டிக் கதவோரம் நின்றது.

அது பழைய கப்பல். பெயரை மாற்றி மாற்றிப் பூசியதில் முகப்பில் மூன்று பெயர்கள் ஒன்றின் தோலுக்குள் ஒன்றாகத் தெரிந்தன. போன நவம்பரில் உப்பு ஏற்ற வந்தபோது, சோதித்த துறைமுக அதிகாரிகள் அடித்தகட்டில் துருவையும் பெட்டியில் காலாவதியான சான்றிதழ்களையும் கண்டார்கள். சரிசெய்யும்வரை நகரக்கூடாது என்று கரையிலிருந்து மூன்று மைலில் நங்கூரம் போட வைத்தார்கள். முதலாளியின் போன் ஒரு வாரம் எடுப்பாரில்லாமல் அடித்தது. பிறகு அதுவும் அடிக்கவில்லை. மாலுமிகள் ஒவ்வொருவராக ஊர் திரும்பினார்கள். ஆனால் விளக்கேற்றவும் நங்கூரம் பார்க்கவும் இரண்டு பேர் எப்போதும் இருந்தாக வேண்டும். கேப்டனின் பார்வை நயினார்மேலும், எஞ்சின் அறை ஆளான ஷாம்மேலும் விழுந்தது. ஷாமுக்கு ஊர் நாசரேத்.

“உங்க ஊருதானே? நீங்க இருந்துக்கிடுங்க.”

இருவரும் பல்லெல்லாம் தெரியச் சம்மதித்தார்கள். சொந்த ஊரைப் பார்த்துக்கொண்டே சம்பளம், அதுவும் பத்து நாளோ பதினைந்து நாளோ என்று நினைத்தார்கள். வெளியூர்க்காரர்களுக்காக அவரவர் ஊரில் யாராவது கூச்சல் போட்டார்கள். வீட்டு வாசலிலேயே நிற்கிறவனுக்காக யார் கூச்சல் போடுவார்கள்? ஒருநாள் ஷாமின் மனைவி ஜெயஷீலா கடற்கரைக்கு வந்து போன் செய்தாள். “சிவப்புக் குடை பிடிச்சிருக்கேன், தெரியுதா?” என்றாள். அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள் தெரிந்தன, கிரேன்கள் தெரிந்தன. “தெரியுதே, அழகா இருக்க” என்றான் ஷாம்.

மங்கள்யான் கிளம்பியதும் அவர்கள் நங்கூரம் போட்டதும் ஒரே வாரம். அதனாலேயே அது அவனுக்குச் சொந்தக்காரர் வீட்டுப் பிள்ளை போலாகிவிட்டது. கைபேசி ரேடியோவில் அதன் செய்தி ஒன்றையும் அவன் விட்டதில்லை. தினம் காலையில் ஒரு மணி நேரம் ஜெனரேட்டர் ஓடும். அந்த நேரத்தில் அடியில் ஊறிய நீரை இறைத்துவிட்டு, பெரிய எஞ்சின் இறுகிப்போகாமலிருக்க ஒரு சின்ன மோட்டாரால் அதை மெல்லச் சுழற்றிவிடுவான். எரியாமல், சத்தமில்லாமல், உறக்கத்தில் புரண்டு படுப்பதுபோல் அது ஒரு சுற்றுச் சுற்றும். அதே நேரம் அந்த இன்னொரு எஞ்சின் எங்கே எந்த இருட்டில் போய்க்கொண்டிருக்கும் என்று யோசித்துக்கொண்டே நிற்பான்.

செவ்வாய்க்கிழமை காலையும் சுழற்றினான். நிறுத்தினான். எஞ்சினைக் கிளப்பும் காற்று உருளையின் முள் நல்ல அழுத்தத்தில் நின்றது. எண்ணெய் இருந்தது. ஸ்டார்ட் செய்யும் கைப்பிடியைத் துடைக்கத்தான் கையை வைத்தான். நாலே நாலு செகண்டு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

காற்று சீறிப் பாய்ந்தது. ஒரு இருமல், இரண்டாவது இருமல். பிறகு எஞ்சின் வாய்விட்டுக் கத்தியது. காலடித் தகடுகள் துள்ளின. பத்து மாதத் துருவும் தூசியும் மழையாய்க் கொட்டின. எண்ணி முடித்து நிறுத்தியபோது ஷாமின் கன்னம் நனைந்திருந்தது.

நயினார் கைப்பிடிக் கம்பியைத் தடவித் தடவி இறங்கி வந்தார். “ஏலே, என்னலே பண்ணுன? பீங்கான் பூரா கீழ கிடக்கு!”

“எரிஞ்சிட்டு காக்கா! நம்ம பயலும் எரிஞ்சிட்டான்!”

“கிறுக்குப்பயலே” என்றார். ஆனால் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இருவரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

அப்போது மேலே கப்பல் ரேடியோவில் துறைமுகக் கண்ட்ரோல் அவர்களைக் கூப்பிடத் தொடங்கியது. ஓடி ஏறியபோது, புகைபோக்கிக்கு மேலே கன்னங்கரேலென்று ஒரு புகைமூட்டம் கலையாமல் ஊரைப் பார்த்து நகர்ந்துகொண்டிருந்தது.

“கப்பல்ல புகை வருது. மெயின் எஞ்சின் ஸ்டார்ட் பண்ணீங்களா? ஓவர்.”

“டெஸ்ட்தான் சார். நாலு செகண்டு. ஓவர்.”

“நிறுத்தி வச்ச கப்பல் சார் அது. எங்ககிட்டக் கேக்காம எஞ்சினத் தொடலாமா? கப்பலைக் கிளப்பிட்டு ஓடப் பாக்கீங்கன்னுதான் எடுத்துக்கிடுவாங்க. மேல ரிப்போர்ட் போயாச்சு. கப்பலைச் சோதிக்கிற சர்வேயர் வந்து விசாரிக்கிற வரைக்கும் ஆள் மாத்தக் கூடாதுன்னு உத்தரவு. நாளைக்குப் படகு கிடையாது.”

“சர்வேயர் எப்ப வாரார் சார்?”

“திங்கக்கிழமை.”

நயினார் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டார். ஏசுவார், அடிப்பார் என்று ஷாம் காத்திருந்தான். அடித்தால்கூட நன்றாக இருக்கும் போலிருந்தது. அவர் சமையலறைக்குப் போய், தரையில் கிடந்த தட்டுகளைக் கையால் துழாவி, உடையாதவற்றை மட்டும் எடுத்து அடுக்கினார். ஷாம் உதவக் குனிந்தான்.

“நீ தொடாத. கையை வெட்டிரும்” என்றார்.

புதன்கிழமை காலை. ஷாம் கைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டு மேல்தளத்தில் நின்றான். செவ்வாய்க்குப் பின்னால் கலம் மறைந்துவிட்டது என்றார்கள். எஞ்சின் எரிகிறதா இல்லையா என்று யாருக்கும் தெரியாத நிமிடங்கள் போய்க்கொண்டேயிருந்தன. பிறகு ரேடியோவுக்குள் ஒரு கூடமே எழுந்து நின்று கைதட்டியது. முதல் முயற்சியிலேயே என்று ஒரு பெண் தழுதழுத்தாள். இத்தனை மாதமாய் இந்தக் கைதட்டலுக்குத்தான் காத்திருந்தான். இப்போது அது யாரோ பக்கத்து வீட்டில் கொண்டாடுவது போலக் கேட்டது.

நயினாரைத் தேடிப் போனான். வெள்ளைச் சட்டை போட்டு, தலைக்குத் தொப்பி வைத்து, மடியில் பையோடு கயிற்றுச் சுருள்மேல் உட்கார்ந்திருந்தார்.

“என்னலே, சுத்துதா?”

“சுத்துது காக்கா.”

“நல்லது. பாவம், எவ்வளவு தூரம் போயிருக்கு.” பையைத் தடவிக்கொண்டே சொன்னார்: “படகு வராதுன்னு தெரியும்லே. மனசு கேக்கல. ஊரையாவது பாத்துக்கிட்டு இருப்போமேன்னு உக்காந்தேன்.”

அவர் முகம் திரும்பியிருந்தது ஊரின் பக்கமல்ல. நீரைத் தவிர ஒன்றுமில்லாத வெறுங்கடலின் பக்கம்.

ஷாம் இரண்டிரண்டு படியாக ஏறி மேலே போனான். மைக்கை எடுத்து அழுத்தினான்.

“கண்ட்ரோல், கண்ட்ரோல். சார், எஞ்சினத் தொட்டது நான் ஒருத்தந்தான். காக்காவுக்கு ஒண்ணும் தெரியாது. அவருக்கு நாளைக்குக் கண்ணு ஆபரேஷன் சார். எத்தன மாசம்னாலும் நான் இங்கனயே கெடக்கேன், எழுதித் தாரேன், எங்க வேணும்னாலும் கையெழுத்துப் போடுதேன். அவரை மட்டும் இன்னைக்கு இறக்கி விட்டுருங்க சார். ஒரே ஒரு படகு அனுப்புங்க. ஓவர்.”