இரண்டாம் அங்கத்தில் நான் சாக வேண்டும்

என் வீட்டுக்காரர் நாடகம் எழுதுகிறவர். தனியாக உட்கார்ந்தெல்லாம் எழுத மாட்டார். நான் அடுப்படியில் நிற்கும்போது தாளோடு வந்து, "இத ஒரு தடவ சொல்லிப் பாரேன், வாய்ல வருதான்னு பாப்போம்" என்பார். கல்யாணமானதிலிருந்து இதுதான் வழக்கம். அவர் எழுதிய ராணி, மாமியார், மருமகள் எல்லாரும் முதலில் பேசியது என் வாயால்தான். வராத வசனத்தை நான் மாற்றிச் சொல்வேன், அவர் அதையே எழுதிக்கொள்வார். கைதட்டல் மட்டும் அவருக்கு. போகட்டும், மேடையில் எனக்கும் ஒரு வேஷம் கொடுத்துக்கொண்டிருந்தார்.

போன மழைக்காலத்தில் மனிதருக்குத் திடீரென்று இளமை திரும்பியது. தலைக்கு மை, சட்டைக்கு இஸ்திரி, கண்ணாடி முன்னால் பெருமூச்சு. கேட்டால், "புது நாடகம் மனசுல ஓடுது" என்றார். ஓடியது எது என்று அதைப் படித்துக் காட்டியபோதுதான் எனக்குத் தெரிந்தது.

ஒரு மாபெரும் கலைஞன். அவன் அருமை தெரியாத மனைவி. பணக்காரன் ஒருவனின் மனைவி அந்தக் கலைஞனைப் புரிந்துகொள்கிறாள். இரண்டாம் அங்கத்தில் கலைஞனின் மனைவி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு செத்துப்போகிறாள். மூன்றாவதில் காதலர்கள் சேர, பணக்காரன் பெருந்தன்மையாக ஒதுங்கிக்கொள்கிறான். எவ்வளவு சௌகரியம் பாருங்கள்.

நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டே காதலியின் வசனத்தைச் சொன்னேன். "சரி போங்க, நான் யாரு உங்களுக்கு?"

கத்தி அப்படியே நின்றது. இப்படிப் பேசுகிறவள் எங்களுக்குத் தெரிந்து ஒருத்திதான். நாடகக் கம்பெனி முதலாளியின் மனைவி. தையல்காரர் ரவிக்கையைத் தாமதமாகத் தந்தாலும், டிரைவர் கார்க் கதவைத் திறக்க மறந்தாலும், கழுத்தை ஒரு பக்கம் சாய்த்து இதைத்தான் கேட்பாள். அவள் இல்லாதபோது நாங்கள் எல்லாரும் சொல்லிக் காட்டிச் சிரிப்போம். இந்த மனிதர் அதில் உருகி, எழுதி, என்னிடமே கொண்டுவந்திருக்கிறார்.

"இன்னும் கொஞ்சம் ஏக்கமாச் சொல்லேன்" என்றார்.

ஏக்கமாகவே சொன்னேன்.

"இதெல்லாம் எங்கேருந்து வருது உங்களுக்கு?"

"கற்பனைதான்" என்றார், சுவரைப் பார்த்துக்கொண்டே.

"பொண்டாட்டி வேஷம் யாருக்கு?"

"உனக்குத்தான். உன்ன விட்டா வேற யாரு?"

அவர் என் முகத்தைப் பார்த்து, "ஆமா, அவதான்" என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே பெட்டியைக் கட்டியிருப்பேன். எனக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு வார்த்தைதான், அதுவும் அவர் சொந்த வார்த்தை. அதை விட்டுவிட்டு, என்னை நானே சாகடித்துக்கொள்ள ஒத்திகை வைத்தார்.

கலைஞன் வேஷத்தை அவரே போட்டுக்கொண்டார். அந்த வேதனை வேறு எவனுக்கும் வராதாம். இரண்டாம் அங்கத்தின் முடிவில் நான் விழுந்தால் திரையை இறக்க வேண்டும், அதற்கு முன் இறக்கக் கூடாது. முந்தின நாடகத்தில் திரை அவசரப்பட்டு அவருடைய கடைசி வசனத்தை விழுங்கிவிட்டதால், இந்தத் தடவை திரைக் கயிறு பிடிப்பவரை முன்கூட்டியே மிரட்டி வைத்திருந்தார். "யாராவது விழுந்தாதான் கயித்த விடணும். வானமே இடிஞ்சாலும் சரி."

முதல் காட்சி அன்று அரங்கு நிறைந்திருந்தது. முன்வரிசையில் முதலாளி. பக்கத்தில் அவர் மனைவி, பட்டுப் புடவையில், கண்ணில் இப்போதே ஈரத்தோடு. தன் குடும்பம் கலைகிற கதைக்குத் தானே விளம்பரம் ஒட்டிய முதலாளியைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

இரண்டாம் அங்கம் முடியும் நேரம். நெஞ்சைப் பிடித்தேன். விழவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"விழு" என்று பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுத்தார்.

"நான் விழறது இருக்கட்டும்" என்றேன், கடைசி வரிசைக்கும் கேட்கும்படி. "ஒண்ணு கேக்கறேன், பதில் சொல்லுங்க. உங்களுக்கு அவ யாரு?"

அவர் முகத்தில் ஈயாடவில்லை. திரையைப் பார்த்தார். கயிறு பிடிப்பவர் கட்டளைப்படி நின்றுகொண்டிருந்தார்.

"எல்லாரும் காத்துட்டு இருக்காங்க. ஆமான்னா ஆமான்னு சொல்லுங்க. நான் போயிடறேன்."

முன்வரிசையில் ஒரு கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அவளும் அந்த வார்த்தைக்காகத்தான் காத்திருந்தாள். அந்த நிமிஷம் எனக்கு அவள்மேல் கோபம்கூட இல்லை.

மூன்று அங்கம் முழுக்கக் காதலைப் பற்றி எழுதிய மனிதர் என் தலையில் கை வைத்தார்.

"யாரும் இல்ல. அப்படி யாருமே இல்ல. உன் தலைமேல அடிச்சு சத்தியம் பண்றேன்."

கேட்டுவிட்டு எழுந்தேன். நாற்காலியை அதன் இடத்தில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன்.

நடு மேடையில் தனியாக நின்றார். வசனம் எடுத்துக் கொடுக்க ஆள் இல்லை. திரை அசையவில்லை. கடைசியில் வேறு வழி தெரியாமல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அவரே தடாலென்று விழுந்தார். கயிறு பிடிப்பவர் கடமையைச் செய்தார். கைதட்டலில் கூரை பிய்த்துக்கொண்டு போனது.

முதலாளி உள்ளே ஓடி வந்தார். அவர் மனைவி தலைவலி என்று காருக்குப் போய்விட்டாளாம்.

"பொண்டாட்டி சாகறதெல்லாம் பழசு, வாத்தியாரே. பொய் சொன்னவன் சாகறான் பாருங்க, அதுதான் புதுசு. மூணாவது அங்கமே வேண்டாம், தினமும் இப்படியே போடுங்க. எங்க வீட்டம்மாவையும் தினமும் கூட்டிட்டு வரேன், அவளுக்கு நாடகம்னா உயிரு."

தெரிந்து சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. சொன்னபடி கூட்டிக்கொண்டு வருகிறார். தினமும் அவள் எதிரில் என் வீட்டுக்காரர், "யாரும் இல்ல" என்று சத்தியம் செய்துவிட்டுச் சாகிறார். என் பெட்டி பரண்மேலேயே இருக்கிறது. இதைப் பார்க்காமல் நான் எங்கே போவது?

இன்று காலை பால் காய்ச்சிக்கொண்டிருந்தபோது மறுபடி தாளோடு வந்து நின்றார். புது நாடகமாம்.

"இத ஒரு தடவ சொல்லிப் பாரேன்."

"நீங்க சொல்லுங்க, நான் கேக்கறேன்."

பால் பொங்கும்வரை நின்றார். ஒரு வார்த்தை வரவில்லை.

"சாயங்காலம் சாகணும்" என்றேன். "நேரத்தோட சாப்பிட்டுட்டுக் கிளம்புங்க."