அக்கா மாற்றிய உப்பு

என் அக்காவின் கணவர் வாயைத் திறப்பது சாப்பிடவும் கொட்டாவி விடவும் மட்டும்தான். அக்காவும் லேசுப்பட்டவள் இல்லை. ஒன்றைச் செய்வது என்று முடிவெடுத்துவிட்டால் காதும் காதும் வைத்த மாதிரி செய்து முடிப்பாள். இப்படி இரண்டு பேரைத் தேடிப்பிடித்து ஜோடி சேர்த்த பெரியவர்களை நான் இன்றைக்கும் மனதுக்குள் திட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.

அத்தானும் நானும் ஒரே இரும்பு யார்டில் வேலை பார்த்தோம். அவர் கிரேன் ஆபரேட்டர். நான் கீழே நின்று இரும்புச் சுருளில் கொக்கியை மாட்டி, தூக்கு, இறக்கு, நிறுத்து என்று கை காட்டுகிறவன். கேபினுக்குப் போக நெட்டுக்குத்தான ஒரு ஏணி உண்டு. வீட்டில் மாடிப்படி ஏறினாலே முட்டியைப் பிடித்துக்கொள்ளும் மனுஷன், அந்த ஏணியில் மட்டும் இளவட்டம் மாதிரி ஏறுவார். மேலே போய் உட்கார்ந்துவிட்டால் அவருக்குப் பசி கூடத் தெரியாது. அவருக்கு வாழ்க்கையில் பிடித்தது அந்த நாற்காலி ஒன்றுதான் என்று அக்கா அடிக்கடி குத்திக்காட்டுவாள். அது உண்மை என்பதால் அவரும் மறுத்ததில்லை.

வருஷத்துக்கு ஒரு தடவை ஆபரேட்டர்களுக்கு உடல் பரிசோதனை நடக்கும். ரத்த அழுத்தம் எல்லை தாண்டினால் கீழே இறக்கிவிடுவார்கள். அப்படி இறங்கியவர் யாரும் திரும்ப ஏறி நான் பார்த்ததில்லை. ஸ்டோர் ரூமில் உட்கார்ந்து போல்ட்டுக்கு எண்ணெய் தடவுவார்கள். போன வருஷம் அத்தானுக்குக் கையில் பிரஷர் பட்டையைச் சுற்றிப் பார்த்த நர்ஸ் உதட்டைப் பிதுக்கினார்.

"இந்தத் தடவை விடறேன். அடுத்த தடவையும் இப்படியே இருந்தா என் கையில ஒண்ணும் இல்ல."

இதை நான்தான் அக்காவிடம் போய்ச் சொன்னேன். அத்தானைக் கேட்டதற்கு, "ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டுத் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார்.

ஆனால் மனுஷன் சும்மா இருக்கவில்லை. ஊரின் மறுகோடியில் ஒரு டாக்டரைப் பார்த்து மாத்திரை வாங்கியிருக்கிறார். மாத்திரை சாப்பிடும் ஆபரேட்டர் என்று தெரிந்தால் யார்டில் ஆயிரம் கேள்வி வரும். வீட்டில் வைத்தால் அக்கா பார்த்துவிடுவாள், அவள் வழியாக எனக்கும், என் வழியாக யார்டுக்கும் போய்விடும் என்று கணக்குப் போட்டிருக்கிறார். என்னைப் பற்றி அவருக்கு அவ்வளவு நல்ல எண்ணம். மாத்திரை அட்டையைக் கேபின் சீட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டார். மாத்திரை உடம்புக்கு ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்க, சீக்கிரமே ஒரு ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லி டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். அதற்கு மட்டும் அவர் போகவில்லை.

அதே சமயத்தில் அக்கா, பிரஷர் குறைய என்ன கொடுக்கலாம் என்று கேட்டு எங்கள் தெரு மருந்துக் கடையில் போய் நின்றாள். கடைக்காரர் பொறுமையாகத்தான் சொல்லியிருக்கிறார். "நாம போடற உப்புல இருக்கறது சோடியம். அது உடம்புல தண்ணியப் பிடிச்சு வைக்கும், பிரஷர் ஏறும். பொட்டாசியம் அதுக்கு நேர் எதிர். சோடியத்த சிறுநீர் வழியா வெளிய தள்ளும், ரத்தக் குழாயத் தளர்த்தும். நாம சோடியத்த அளவுக்கு மேல சாப்பிடறோம், பொட்டாசியத்தக் கம்மியாச் சாப்பிடறோம். அந்தக் கணக்க நேராக்கத்தான் இந்த உப்பு. சோடியத்தக் குறைச்சு பொட்டாசியம் சேத்திருக்காங்க."

பாக்கெட்டைக் கையில் கொடுப்பதற்கு முன்னால், "அவரு மாத்திரை ஏதும் சாப்பிடறாரா? கிட்னியில ஏதாவது கோளாறு உண்டா?" என்றும் கேட்டிருக்கிறார். அக்கா இல்லை என்றாள். அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

மருந்து உப்பு என்று தெரிந்தால் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவார் என்று பயந்து, பழைய உப்பு ஜாடியைக் காலி செய்து அதில் புதியதைக் கொட்டினாள். ருசி பார்த்தால் உப்பே தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் போட்டாள். பிறகு தினமும் அந்தக் கொஞ்சமே அளவாகிவிட்டது. மதியச் சாப்பாட்டுப் பையில் வாழைப்பழம், காலையில் ஆரஞ்சுச் சாறு என்று கவனிப்பு தடபுடலாக நடந்தது. எனக்கு அப்போது லேசாகப் பொறாமை கூட வந்தது.

இந்த வருஷப் பரிசோதனையில் நர்ஸ் இரண்டு முறை பட்டையைச் சுற்றிப் பார்த்தார். "என்ன பண்ணீங்க? பதினெட்டு வயசுப் பையன் மாதிரி இருக்கு" என்றார். அத்தான் சிரித்தார். மாத்திரை காப்பாற்றியது என்று அவர் நினைத்தார். உப்பு காப்பாற்றியது என்று அக்கா நினைத்தாள். இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை.

அதற்குப் பிறகு சில வாரம் கழித்து ஒரு காலையில் ஏணியின் பாதியில் அவர் நின்றார். கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் கழித்துத்தான் மேலே போனார். வயசாகிறது என்று நானும் விட்டுவிட்டேன். முதல் சுருளைத் தூக்கி லாரிக்கு மேலே கொண்டுவந்தார். இறக்கு என்று கை காட்டினேன். இறங்கவில்லை. மறுபடியும் காட்டினேன். சுருள் அந்தரத்தில் அப்படியே நின்றது. லாரி டிரைவரைத் தள்ளிப் போகச் சொல்லிவிட்டு ஏணியில் ஓடினேன்.

சீட்டில் சாய்ந்து கிடந்தார். சட்டை முழுக்க வியர்வை.

"கால் வரமாட்டேங்குதுடா," என்றார். "கையும் எனக்குச் சொந்தமில்லாத மாதிரி இருக்கு."

சீட்டுக்கு அடியைக் கண்ணால் காட்டினார். மாத்திரை அட்டையை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். பெல்ட் கட்டி அவரைக் கீழே இறக்குவதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் நெஞ்சில் ஒயர்களை ஒட்டிப் பார்த்த டாக்டரம்மா ஓடத் தொடங்கினார். ஊசி போட்டார்கள், குளுக்கோஸ் ஏற்றினார்கள். பிறகு எங்களிடம் வந்தார். "ரத்தத்துல பொட்டாசியம் கண்டபடி ஏறிக்கிடக்கு. இதயம் எப்ப வேணா நின்னுடும். என்ன சாப்பிட்டாரு? எதையும் மறைக்காதீங்க."

நான் அட்டையை நீட்டினேன். அக்கா அதை எட்டிப் பார்த்தாள். "இது யாரோடது?" என்று என்னைக் கேட்டாள். நான் சொன்னதும் அவள் முகத்தில் ரத்தமே இல்லை. யாரும் கேட்காமலே, "நான் உப்ப மாத்திட்டேன்" என்றாள். எவ்வளவு போட்டாள், எத்தனை பழம் கொடுத்தாள், எல்லாவற்றையும் சொன்னாள். ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை.

டாக்டரம்மா அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும். "இந்த மாத்திரை பொட்டாசியத்த உடம்புலயே நிறுத்தி வைக்கும். அந்த உப்பு மேல மேல கொண்டுவந்து கொட்டும். கிட்னி நல்லா இருந்தா மிச்சத்த வெளிய அனுப்பியிருக்கும். இவருக்குப் பல வருஷமா பிரஷர் இருந்திருக்கு, அது கிட்னிய அரிச்சிருக்கு. மாத்திரையும் நல்லதுதான், உப்பும் பல பேருக்கு நல்லதுதான். இவருக்கு ரெண்டும் சேந்து வினையாயிடுச்சு," என்றார்.

இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்தார்கள். அத்தான் பிழைத்தார். வார்டுக்கு வெளியே எங்களைக் கூப்பிட்டு டாக்டரம்மா இன்னொன்றையும் சொன்னார். கிட்னி பழைய நிலைக்கு வராது, இனிமேல் கிரேன் ஏறக்கூடாது. வீட்டுக்குப் போன பிறகு பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று அக்காவும் நானும் பேசி வைத்தோம்.

அன்று மதியம் அவருக்குப் பேச்சு தெளிவாக வந்தது. அந்தச் சுருளை இறக்கியாயிற்றா என்று முதலில் கேட்டார். இறக்கியாயிற்று என்றேன். அக்கா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து போர்வையைச் சரிசெய்தபடி இருந்தாள்.

"உங்கள நானே கொல்லப் பாத்தேங்க," என்றாள். "உப்ப மாத்தினேன். உங்ககிட்ட சொல்லல."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"மொத நாளே தெரிஞ்சுது. நாக்குல ஒரு கசப்பு. எனக்காக நீ என்னமோ பண்றேன்னு நினைச்சேன். ஆசையாப் பண்றே, எதுக்குக் கேட்டுக்கிட்டுன்னு சாப்பிட்டேன்."

அவ்வளவு நாளும் வராத அழுகை அக்காவுக்கு அப்போது வந்தது. அழுகையோடு கோபமும் வந்தது. அவர் கையைப் பிடித்து உலுக்கினாள்.

"கசக்குதுன்னு ஒரு வார்த்த சொன்னா வாய் தேஞ்சா போயிடும்? ஒரே ஒரு வார்த்த சொல்லியிருந்தா நீங்க இன்னைக்கும் அந்த ஏணியில ஏறிக்கிட்டு இருந்திருப்பீங்களே."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவளுக்கு உறைத்தது. கையை விட்டுவிட்டாள். அத்தான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"இனிமே ஏற முடியாதா?"

இந்தக் குடும்பத்தில் எல்லோரும் பேசாமல் இருந்தது போதும் என்று நினைத்துக்கொண்டு, "முடியாது அத்தான்," என்றேன்.