அக்காவின் பேச்சில் நிறுத்த வேண்டிய இடம்

1.
பேருந்து வராததால் பிறந்த கதை இது. நிழலுக்காக ஒரு பொதுக்கூட்டத்தின் கடைசியில் ஒதுங்கினேன். மேடையில் கல்விக் கொள்கை பேசிய அம்மாள் பாதி வாக்கியத்தில் நிறுத்தினார். என் பக்கத்தில் ஒரு பெண் முணுமுணுத்தாள்: "சரியா நிறுத்திட்டேக்கா." எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மீதி என் கைச்சரக்கு.

2.
'கட்சிகளின் சித்தாந்தமே ஒரு நாட்டின் கல்விக் கொள்கையை...' (அடித்துவிட்டேன். எழுதிய எனக்கே கொட்டாவி வந்தது.)

மறுபடியும். அக்கா, ஆளுங்கட்சிப் பேச்சாளர். தங்கை, வீட்டு மாடியில் மழலையர் பள்ளி நடத்துகிறாள். யார் வேண்டுமானாலும் பள்ளி திறக்கலாம் என்று முந்தைய ஆட்சி சொன்னபோது திறந்தது. மைதானம் இல்லாத தனியார் பள்ளிகளை மூடவேண்டும் என்பது அக்கா கட்சியின் கொள்கை. (ஒருவர் திற என்கிறார், ஒருவர் மூடு என்கிறார். கதவின் கீலை யாரும் விசாரிப்பதில்லை.)

3.
பிள்ளைகள் போனபின் அந்த வகுப்பறையில்தான் அக்கா எப்போதும் மேடைப் பேச்சைப் பேசிப் பழகுவாள். தங்கை குட்டி நாற்காலியில் முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்து திருத்துவாள். கூட்டத்துக்கு முந்தின நாளும் அப்படியே.

"'மூடுவோம்'ல குரல் இறங்குதுக்கா. கடைசி வரிசைக்குக் கேக்காது."

"உன் ஸ்கூலைத்தாண்டி மூடச் சொல்றேன்!"

"தெரியுது. அதையாவது தெளிவா சொல்லு."

"மூட வேண்டாம்னு ஒரு வார்த்தை கேளேன்டி."

"கேட்டா நீ எனக்காகச் செஞ்ச மாதிரி ஆயிடும். 'மூடுவோம்'னு சொல்றதுக்கு முன்னாடி நிறுத்தி, கூட்டத்தை ஒரு தடவை பாரு. அப்புறம் உனக்குத் தோணினதைச் சொல்லு."

4.
(இந்தத் தங்கையை நம்பலாமா? "தன் பள்ளிக்கூடத்துக்கே உலை வைக்கிற பேச்சை எவளாவது திருத்திக் கொடுப்பாளா?" என்று என் மனைவி கேட்டாள். என்னைத் திட்டித் தீர்த்தபடி என் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். நம்பிவிட்டேன்.)

5.
"மைதானம் இல்லாத பள்ளிகளை..."

அக்கா நிறுத்தினாள். கூட்டத்தைப் பார்த்தாள். கடைசி வரிசையில் தங்கை, கூச்சப்படும் பிள்ளைகளுக்குக் காட்டுவதுபோல், காதருகே கையைக் குவித்து நின்றாள்: கேக்குது, சொல்லு.

'மூடுவோம்' என்று முடித்தால் கட்சி கைதட்டும். 'அரசுப் பள்ளி மைதானங்களில் விளையாடவிடுவோம்' என்று முடித்தால் என் மனைவி கைதட்டுவாள். இப்படிப்பட்ட இடைவெளிகளில் கடவுள் வந்து உட்காருவார் என்று நம்புகிறவன் நான். ஆனால் அவரை அவசரப்படுத்த எனக்கு...

பேருந்து வந்துவிட்டது. ஏறிவிட்டேன்.

நீங்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறீர்கள். தங்கைக்குப் பக்கத்தில் இடம் காலியாக இருக்கிறது. போய் நில்லுங்கள், அக்கா வாயைத் திறக்கிறாள்.