மேனேஜர் வழியாகச் சொல்ல முடியாத விஷயம்

சலவைக்கடைக்காரரின் விரல்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எதைத் தொட்டாலும் அதில் பை தேடும். கடைக்கு வரும் கோட்டோ கால்சட்டையோ, இயந்திரத்தில் போடுவதற்கு முன் ஒருமுறை முழுக்கத் தடவிப் பார்த்துவிடுவார். மறந்து வைத்த சாவி, பாதி தின்ற மிட்டாய், ஒருமுறை யாருடைய பல்செட்டோ கூட அந்த விரல்களில் சிக்கியிருக்கிறது. அன்று காலை கடைக்குக் கிளம்பும் நேரத்தில் பூனை மடியில் வந்து விழுந்தது. வழக்கம்போலத் தடவிக்கொடுத்தார். வயிற்றுப் பக்கம், காம்பை ஒட்டி, தோலுக்கு அடியில் ஏதோ பொத்தான் மாதிரி தட்டுப்பட்டது. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. அது திராட்சை அளவு இருந்தது.

துணியாக இருந்தால் பையைப் புரட்டி எடுத்துக் கொடுத்துவிடலாம். பூனையை எங்கே புரட்டுவது? "இங்க வா, இதைப் பாரு" என்று மனைவியைக் கூப்பிட வாயைத் திறந்தவர், திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டார். ஏனென்றால் அவரும் மனைவியும் பேசிக்கொள்வதில்லை.

உடனே அவர்களை ஜென்மப் பகையாளிகள் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரே வீடு, ஒரே சாப்பாட்டு மேசை, ஒரே கட்டில். ஒருவர் இருமினால் மற்றவர் தண்ணீர் கொண்டுவந்து வைப்பார். பேச்சு மட்டும்தான் கிடையாது. பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் மனைவிக்குப் பிடித்த பச்சைக் கம்பளிச் சட்டையை இவர் வெந்நீரில் போட்டுச் சுருக்கிவிட்டார். ஊரார் துணியையெல்லாம் பூப்போலத் துவைத்துக் கொடுக்கிறவர், சொந்த வீட்டுத் துணியில் கோட்டை விட்டார். அதோடு சும்மா இருந்திருக்கலாம். "சட்டை ஒண்ணும் சுருங்கல, நீதான் பெருத்துட்டே" என்றார். மனைவி ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். அதன்பிறகு முதலில் யார் வாயைத் திறப்பது என்று வீம்பு. வேறு எந்த வேலையானாலும் ஒரு வாரத்தில் அலுத்துவிடும் மனுஷர்களுக்கு வீம்பு மட்டும் அலுப்பதே இல்லை.

அந்தச் சமயத்தில்தான் கடையில் போர்வைக் குவியலுக்குள் ஒரு பூனைக்குட்டி கிடைத்தது. வீட்டுக்கு எடுத்து வந்தார். அது வந்த அன்றே எல்லா அறைகளுக்கும் போய், எல்லாவற்றையும் முகர்ந்து பார்த்து, எதுவுமே சரியில்லை என்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டது. மேனேஜர் என்ற பெயர் தானாகவே வந்து ஒட்டிக்கொண்டது. ஒரு சாயங்காலம் மனைவி அதைப் பார்த்து, "மேனேஜர், சாப்பாடு ரெடின்னு உங்கப்பாகிட்ட சொல்லு" என்றார். "கை கழுவிட்டு வரேன்னு உங்கம்மாகிட்ட சொல்லு" என்றார் இவர். அவ்வளவுதான், ரெண்டு பக்கமும் மானம் தப்பியது.

அன்றிலிருந்து குடும்ப விவகாரம் மொத்தமும் மேனேஜர் வழியாகத்தான் நடந்தது. குழாய் ஒழுகுவது, மைத்துனர் வீட்டுக் கல்யாணத்துக்கு என்றைக்குக் கிளம்புவது, யார் குறட்டை விடுவது, எல்லாமே. மேனேஜர் தூங்கினால் பேச்சுவார்த்தை தள்ளிப்போகும். மொட்டை மாடிக்குப் போய்விட்டால் சாப்பாடு ஆறிப்போகும். ஒருமுறை அடுப்படித் துணியில் தீப்பிடித்தபோது, மனைவி முதலில் மேனேஜரைத் தட்டி எழுப்பினார். அது கண்ணைத் திறந்த பிறகுதான், "தீப்பிடிச்சிருச்சுன்னு உங்கப்பாகிட்ட சொல்லு!" என்று வீடே அதிரக் கத்தினார்.

இப்பொழுது அந்த மேனேஜர் வயிற்றிலேயே கட்டி. நோயாளியின் நோயை நோயாளியிடமே சொல்லி அனுப்புவது எந்த ஊர் நியாயம்? 'உனக்குக் கட்டி இருக்கு, எனக்குப் பயமா இருக்குன்னு அம்மாகிட்ட சொல்லு' என்று அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல அவருக்கு நாக்கு வரவில்லை. எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடியும் தடவிப் பார்த்தார். கட்டி எங்கேயும் போய்விடவில்லை.

கடைசியில் தொண்டையைச் செருமிக்கொண்டார். "மேனேஜர், ஒண்ணும் இல்ல, சும்மாதான். உன் வயித்தைக் கொஞ்சம் தொட்டுப் பாக்கச் சொல்லு உங்கம்மாவை."

மனைவி கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். நாள் முழுக்க அடுத்தவர்கள் கொண்டுபோய் மோதப் பார்க்கும் சுவரையும் மரத்தையும் பக்கத்து இருக்கையிலிருந்து பார்த்துப் பார்த்து, முகத்தில் எதையும் காட்டாமல் இருக்கப் பழகியவர். கையைத் துடைத்துக்கொண்டு வந்தார், தொட்டார். கை அங்கேயே நின்றுவிட்டது.

"மேனேஜர், உங்கப்பாவை வண்டில ஏறச் சொல்லு. நீயும் வா. சும்மா ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்."

தலையில் 'பழகுநர்' பலகை வைத்த அந்தக் காரின் பின்சீட்டில் கூடையும் கையுமாக அவர் உட்கார்ந்தார். முனைக்கு வந்ததும் மனைவி கேட்டார்: "மேனேஜர், ஆஸ்பத்திரிக்கு லெஃப்ட்டா ரைட்டான்னு கேளு."

மேனேஜர் செய்தியைச் சொல்லி முடிக்கும் அளவுக்கு நேரம் விட்டுப் பதில் சொல்வது அவர்கள் வீட்டு வழக்கம். அது பூனைக்குக் கொடுக்கும் மரியாதை. மரியாதை முடிந்து, "லெஃப்ட்டுன்னு சொல்லு" என்று அவர் சொல்வதற்குள் முனை தாண்டிவிட்டது. அடுத்த முனையிலும் இதே கதை. பக்கத்துத் தெருவில் இருந்த ஆஸ்பத்திரிக்கு ஊரைச் சுற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தார்கள்.

கால்நடை டாக்டர் சின்ன வயதுப் பெண். மேனேஜரை மேசையில் நிறுத்தி, வயிற்றை அழுத்தி அழுத்திப் பார்த்தார்.

"பெண் பூனைக்கு இந்த இடத்துல கட்டி வந்தா அலட்சியமா விடக் கூடாது. பெரும்பாலும் இது கெட்ட..."

சலவைக்கடைக்காரர் பாய்ந்து மேனேஜரின் ரெண்டு காதுகளையும் பொத்தினார். டாக்டர் நிமிர்ந்து பார்த்தார்.

"அவளுக்கு எல்லாம் புரியும் டாக்டர்" என்றார் அவர். "எங்க வீட்ல எல்லாப் பேச்சும் அவ வழியாத்தான்."

டாக்டர் மனைவியைப் பார்த்தார். மனைவி ஆமாம் என்று தலையை ஆட்டினார். படிப்பில் இதைப் பற்றி எதுவும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள் போல, டாக்டர் கொஞ்சம் யோசித்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"பெரும்பாலும் கெட்ட கட்டியாத்தான் இருக்கும். எக்ஸ்ரே எடுத்து நெஞ்சுக்குப் பரவியிருக்கான்னு பாக்கறேன். பரவலைன்னா அந்தப் பக்கம் முழுசா அறுத்து எடுத்துடலாம். ஆனா பெரிய ஆபரேஷன், வயசான பூனை. மயக்கத்துல இருந்து எழும்பாமப் போற அபாயம் இருக்கு. இல்ல, எதுவும் செய்யாம வலி வராமப் பாத்துக்கலாம். கொஞ்ச மாசம் வீட்டுல நிம்மதியா இருக்கும். ரெண்டுமே தப்பில்ல. நீங்க ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வாங்க."

"மேனேஜர்..." என்று இருவரும் ஒரே நேரத்தில் ஆரம்பித்தார்கள்.

"அவ என்கூட எக்ஸ்ரேவுக்கு வரணும்" என்று டாக்டர் கூடையைத் தூக்கிக்கொண்டார். "நீங்க வெளிய உக்காந்து பேசுங்க."

"அவ இல்லாமலா?" என்றார் அவர். கதவு சாத்திக்கொண்டது.

வெளியே நீளமான பெஞ்சு. ஒரு முனையில் அவர், மறு முனையில் மனைவி. அறுக்கத்தான் வேண்டும், அதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. மேனேஜர் இல்லாத வீட்டை அவர் ஒருகணம் நினைத்துப் பார்த்துவிட்டார். ஒரே மேசை, எதிரெதிரே ரெண்டு தட்டு, கரண்டிச் சத்தம். 'வந்துட்டேன்' என்று சொல்லக்கூட ஆள் இல்லாமல் சாகிறவரைக்கும் அப்படியே உட்கார்ந்திருக்க வேண்டும்.

மனைவிதான் முதலில் ஒரு வழி கண்டுபிடித்தார். பக்கத்தில் கட்டுப்போட்ட காலோடு படுத்திருந்த பெரிய நாயிடம் குனிந்து, "தம்பி, அந்தா உக்காந்திருக்காரே, அவர்கிட்ட சொல்லு, ஆபரேஷன் வேணாம்னு" என்றார். நாய் கண்ணை மூடிக்கொண்டது. இவரும் விடவில்லை. எதிரே ஒரு அம்மாவின் மடியில் இருந்த ஆமையிடம், "கண்டிப்பா வேணும்னு அவங்ககிட்ட சொல்லு" என்றார். ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. அந்த அம்மா ஆமையோடு தள்ளிப்போய் உட்கார்ந்தார்.

மிச்சம் இருந்தது ஒரு கிளி.

"வேணாம்னு சொல்லு" என்றார் மனைவி கிளியிடம்.

"வேணாம்!" என்றது கிளி.

இத்தனை வருஷ அனுபவத்தில் செய்தியை நிஜமாகவே கொண்டுபோய்ச் சேர்த்த முதல் தூதுவர் அதுதான். இருவருக்கும் தூக்கிவாரிப்போட்டது. "வேணும்னு சொல்லு" என்று அவர் அவசரமாகச் சொன்னார். "வேணும்!" என்று மனைவி பக்கம் திரும்பிக் கத்திய கிளி, வந்த உற்சாகத்தில் "வேணாம்! வேணும்! வேணாம்!" என்று கூண்டுக்குள் கூத்தாட ஆரம்பித்தது.

கிளிக்காரர் கூண்டின் மேல் துணியைப் போட்டு மூடினார். "தப்பா நினைக்காதீங்க. இதுக்குத் தொண்டையில புண். அதிகம் பேச விடக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காங்க."

இனி யாரும் இல்லை. சலவைக்கடைக்காரர் தன் செருப்பையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நீங்க எதுக்கு அறுக்கணும்னு நிக்கறீங்கன்னு எனக்குத் தெரியும்" என்றது ஒரு குரல்.

அவர் கூண்டைப் பார்த்தார். துணி அப்படியேதான் இருந்தது. மெதுவாகத் திரும்பினார். மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவ போயிட்டா நமக்குள்ள ஒரு வார்த்தை இருக்காதுன்னு பயம் உங்களுக்கு. அதுக்காக அந்த வாயில்லாத ஜீவனை அறுக்கச் சொல்றீங்க. இதோ, பேசிட்டேன். நான்தான் முதல்ல பேசினேன், போதுமா? இனிமே அந்தப் பயம் வேணாம். இப்ப அவளுக்காக மட்டும் யோசிச்சுச் சொல்லுங்க. அறுக்கணுமா, வேணாமா?"

இந்த நாளை அவர் எத்தனையோ முறை கற்பனை செய்திருக்கிறார். மனைவி முதலில் பேசுவார், இவர் அப்படியே கால்மேல் கால் போட்டுக்கொண்டு, பெரிய மனசு பண்ணிப் பதில் சொல்வார். ஜெயித்தாகிவிட்டது. ஆனால் ஜெயித்த மாதிரி ஒன்றும் தெரியவில்லை. மனைவி சொன்னது ஒவ்வொரு வார்த்தையும் நிஜம், அதுதான் அவருக்குச் சுருக்கென்று தைத்தது.

"தெரியல" என்றார். அத்தனை வருஷத்துக்குப் பிறகு மனைவியிடம் அவர் நேராகச் சொன்ன முதல் வார்த்தை அதுதான். "நீ ஏன் வேணாங்கறே?"

மனைவி சாத்தியிருந்த கதவைப் பார்த்தார். "நானும் எனக்காகத்தான் சொன்னேன். அந்தக் கதவு திறக்கறவரைக்கும் வெளிய உக்காந்திருக்க என்னால முடியாது. அவ எழும்பலைன்னு வந்து சொன்னா நான் என்ன பண்ணுவேன்? அதுக்கு இந்தக் கொஞ்ச மாசமே போதும்னு தோணிச்சு."

"அவளுக்கு எப்படி இருக்குன்னு நாம ரெண்டு பேரும் பாக்கவே இல்ல."

"நல்லாத்தான் இருக்கா. நேத்துக்கூட அலமாரி மேல ஏறி..."

"ஏறினாளா? குதிச்சாளா?"

"ஒரே தாவு. என் தொப்பியைத் தள்ளிவிட்டா."

"அப்ப உடம்புல தெம்பு இருக்கு."

"சாப்பாடும் குறையல. உங்க தட்டுல இருந்து எடுத்துட்டுப் போறாளே, நீங்க பாக்கறதில்ல."

"நான்தான் வைக்கறேன்!"

நடுவில் இடைவெளி விடும் மரியாதையெல்லாம் போன இடம் தெரியவில்லை. ஒருவர் முடிக்குமுன் மற்றவர் குறுக்கே விழுந்தார். மருந்து யார் ஊட்டுவது என்று ஒரு சண்டை, தையலை நக்காமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று இன்னொரு சண்டை. நாய், நாய்க்காரர், ஆமை அம்மா, எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எப்பொழுது நகர்ந்தார்கள் என்று தெரியாது, பெஞ்சின் நடுவில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள் இருவரும்.

"பரவியிருந்தா?" என்றார் மனைவி.

"வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடலாம். ஊசி, கத்தி எதுவும் வேணாம்."

"பரவலைன்னா?"

"எடுத்துடலாம். இன்னும் அலமாரி ஏறணும்னு அவளுக்கு ஆசை இருக்கு."

"சரி" என்றார் மனைவி. "நான் உக்காந்திருக்கேன். நீங்க பக்கத்துல இருந்தா உக்காந்திருப்பேன்."

டாக்டர் கூடையோடு வெளியே வந்தார். நெஞ்சு சுத்தமாக இருந்தது. ரத்தமும் பார்த்தாகிவிட்டது, சிறுநீரகம் தாங்கும் என்று தோன்றுகிறது, நாளைக் காலையில் ஆபரேஷன் வைத்துக்கொள்ளலாம் என்றார். "என்ன முடிவு பண்ணினீங்க?"

"எடுத்துடுங்க" என்றார்கள் இருவரும்.

"அப்ப இன்னைக்கு இங்கயே இருக்கட்டும். உள்ள கொண்டுபோறதுக்கு முன்னால ஏதாவது சொல்றதுன்னா சொல்லிட்டுப் போங்க" என்றார் டாக்டர். அந்தக் குடும்பத்தின் வழக்கம் அவருக்கும் பிடிபட்டுவிட்டது.

சலவைக்கடைக்காரர் கூடைக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தார். "மேனேஜர்..." என்றவருக்கு அடுத்து வார்த்தை வரவில்லை. சொல்லி அனுப்ப எதுவும் இல்லை. மனைவி பக்கத்திலேயே நின்றார், எதுவானாலும் நேராகவே சொல்லிவிடலாம். அப்பொழுதுதான் அவருக்கு உறைத்தது. இத்தனை காலம் இந்த முகத்தைப் பார்த்து எவ்வளவு பேசியிருப்பார்! அதில் ஒரு வார்த்தையாவது இதற்காகச் சொன்னது உண்டா? 'சாப்பிட்டாச்சா' என்று கேட்டதுகூட மனைவி சாப்பிட்டாரா என்று தெரிந்துகொள்ளத்தான். வெட்கத்தில் அவருக்குக் காது சுட்டது.

"மேனேஜர், நாளைக்கு உனக்கு வலிக்கும்" என்றார். "கொஞ்ச நாளைக்கு ரொம்பவே வலிக்கும். எங்களை மன்னிச்சிடு. நாங்க இந்தக் கதவுக்கு வெளியதான் இருப்போம், எங்கயும் போக மாட்டோம்."

மேனேஜர் முழுவதும் கேட்டுக்கொண்டது. பிறகு, செய்தி வாங்கியதும் எப்பொழுதும் செய்வதுபோல, தலையைத் திருப்பி மனைவியைப் பார்த்தது.

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்தார்.

"எனக்கு இல்லடி" என்றார். "உனக்குத்தான் சொன்னார்."