வீட்டுப் பாத்தி

சேக்காட்டில் கீரை போடுகிறவர்களுக்கெல்லாம் நிலத்தில் ஒரு மூலை தனியாக உண்டு. அதற்கு வீட்டுப் பாத்தி என்று பேர். அதில் விளைவது விற்பனைக்குப் போகாது. விற்கிற பாத்தியில் விளைவது வீட்டுக்கு வராது. ஆனந்தனும் அப்படித்தான் வைத்திருந்தார். யாராவது ஏன் என்று கேட்டால் "வழக்கம்" என்பார். வழக்கம் என்று சொல்லிவிட்டால் மேற்கொண்டு யார் நோண்டப் போகிறார்கள்?

காரணம் பூச்சிமருந்துதான். இலையில் ஓர் ஓட்டை இருந்தால் போதும், ஜனங்கள் கீரைக் கட்டைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். பூச்சி தின்ற மிச்சத்தைத் தின்பதாவது என்று கௌரவம். அதனால் ஆனந்தன் அறுப்புக்கு முந்தின நாள்கூட மருந்து அடித்துவிடுவார். அடித்த பிறகு சில நாள் விட்டுத்தான் அறுக்க வேண்டும் என்று அவருக்கும் தெரியும். விட்டால் பூச்சி விடுமா? வியாபாரி செல்வகுமார்தான் விடுவானா? விடிந்ததும் வண்டியோடு வந்து நின்றுகொண்டு, "எல பளபளன்னு இருக்கணும் அண்ணாத்தே, ஓட்ட மட்டும் ஆவாது" என்பான். அவன் அதை எங்கே கொண்டுபோய் விற்கிறான் என்று ஆனந்தன் கேட்டதே இல்லை. பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா என்பார்கள். இவருக்குச் சௌகரியமாக இருண்டிருந்தது.

மகள் பவித்ராவைக் காட்டுப்பாக்கத்தில் கட்டிக்கொடுத்திருந்தது. போன தடவை தரித்தது தங்கவில்லை. இப்போது மறுபடியும் ஐந்து மாசம். ரத்தம் கம்மியாக இருக்கிறது, கீரை நிறையச் சாப்பிடச் சொல்லியிருக்கிறார் டாக்டர் என்று போனில் சொன்னாள். பெற்ற மனசுக்கு அது போதாதா? மறுநாளே வீட்டுப் பாத்தியில் அரைக்கீரையைக் கிள்ளி ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். பூந்தமல்லியில் பஸ் மாறி, அடுக்குமாடியின் படியெல்லாம் ஏறி, வியர்க்க விறுவிறுக்கப் போய் நின்றார்.

பவித்ரா துணியைப் பிரித்துப் பார்த்துச் சிரித்தாள்.

"இன்னா நைனா, இன்னும் இந்த ஓட்டக் கீரையத்தான் தூக்கிகினு வர்றியா?"

"ஓட்ட இருந்தா இன்னாம்மா? பூச்சி துன்றத மனுசன் தைரியமா துன்னலாம்."

"எனக்கு வேணாம். நான் இயற்கைக் கீரை வாங்குறேன், ஊட்டுக்கே வந்து குடுத்துட்டுப் போறாங்க. சாமான்யமா கெடைக்காது. பாரேன்."

குளிர்பெட்டியைத் திறந்து ஒரு காகிதப் பையை எடுத்தாள். பையின் மேல் பச்சை இலைப் படம் போட்டு, 'மருந்தில்லா இயற்கைக் கீரை' என்று அச்சடித்திருந்தது. உள்ளேயிருந்து ஒரு கட்டை எடுத்து அவர் கையில் வைத்தாள். ஓர் ஓட்டை இல்லை. வாழைநாரால் இரண்டு சுற்றுச் சுற்றி, முனையை உள்ளே செருகிக் கட்டியிருந்தது.

ஊரில் எல்லோரும் ரப்பர் பேண்டுக்கு மாறியாகிவிட்டது. இன்னும் நாரில் கட்டுகிறவள் அவர் பெண்டாட்டி கமலம் ஒருத்திதான். நார் பார்க்க இயற்கையாக இருக்கிறது என்று செல்வகுமார் அதை மட்டும் மாற்றச் சொல்லவில்லை.

திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி ஆயிற்று. கத்தவும் முடியவில்லை, பொறுக்கவும் முடியவில்லை. ஆனந்தன் அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார்.

"எப்பத்துலேர்ந்தும்மா வாங்கிகினு கீற?"

"உண்டானதுலேர்ந்து. ஒரு நாள் உடாம துன்றேன்."

சொல்லிவிட வேண்டும். சொல்லத்தான் வேண்டும். ஆனால் எதிரில் நிற்பது வயிற்றுப்பிள்ளைக்காரி. வாய் பாதிதான் திறந்தது.

"இது நம்ம கீரைம்மா. நம்ம பாத்தியில வந்தது. உங்கம்மா கட்டுன கட்டு."

அவ்வளவு சொன்னால் புரிந்துகொள்வாள் என்று நினைத்தார். ஆனால் பவித்ராவின் முகம் மலர்ந்துவிட்டது.

"மெய்யாலுமா நைனா?" கட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "சின்ன வயசுல இதுக்கு எவ்ளோ ஏங்கியிருக்கேன் தெரியுமா? நல்லதெல்லாம் ஊருக்கு வித்துட்டு, ஓட்டையெல்லாம் நமக்கு ஆக்கிப் போடுவீங்க. ஒருவாட்டி விக்கிற பாத்தியில கை வெச்சதுக்கு, லட்சுமி போயிடும்னு அம்மா முதுகுல ஒண்ணு உட்டுச்சே! அன்னிக்கி அழுதுகினே தூங்குனேன். இப்ப பாரு, அதே கீரைய ராணி மாதிரி துன்னுகினு கீறேன்."

இத்தனை வருஷம் மகள் இப்படி நினைத்துக்கொண்டிருந்தாள் என்பதே ஆனந்தனுக்குத் தெரியாது. நல்லது எது என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. லட்சுமி போய்விடுவாள் என்று பயமுறுத்தியதோடு சரி.

அடுப்பில் கடைந்து இறக்கியிருந்த கீரையைப் பவித்ரா ஒரு கிண்ணத்தில் எடுத்துவந்தாள். பூண்டும் சீரகமும் மணந்தது.

"நீயும் சாப்டு நைனா. பாவம், வெளைய வெச்சியே தவிர நீ ஒருநாளும் துன்னதில்லையே."

ஸ்பூனை எடுத்தார். கீரையை அள்ளினார். வாய்வரைக்கும் போன கை அங்கேயே நின்றுவிட்டது. ஊருக்கெல்லாம் அனுப்பியதை அவரால் ஒரு வாய் விழுங்க முடியவில்லை.

பவித்ரா அவர் கையையே பார்த்தாள். சிரிப்பு மெதுவாக அடங்கியது.

"ஏன் நைனா, துன்னு."

அவர் ஸ்பூனைக் கிண்ணத்தில் போட்டார்.

"முந்தாநேத்துதான் மருந்து அடிச்சேன்மா. எப்பவும் அடிப்பேன். அதுக்குத்தான் நமக்கு ஊட்டுப் பாத்தி."

அவள் கை தானாக வயிற்றுக்குப் போயிற்று. அவள் திட்டியிருந்தால் ஆனந்தனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அழுதிருந்தாலும் தேவலை. அவளோ சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பக்கம்தான் அடுத்த வீடு.

"இஃபத் அக்கா ஊட்லயும் இதான்," என்றாள். "அவங்க பொண்ணு அலீனாவுக்கு இப்பதான் ரெண்டு வயசு. சோத்துல பெசஞ்சு டெய்லி ஊட்டுறாங்க. நான்தான் வாங்கச் சொன்னேன். கண்ண மூடிகினு குடுக்கலாம்கா, நானே துன்றேன்னு."

"நான் செல்வகுமாருகிட்ட சொல்லி இந்தப் பில்டிங்குக்கு மட்டும் வேற..."

"வேறன்னா? எங்களுக்கு ஊட்டுப் பாத்தி, அடுத்த பில்டிங்குக்கு மருந்தா?"

ஆனந்தன் கீரைக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார்.

"எழுந்திரு நைனா. நான் சொல்ல மாட்டேன். நீயே வந்து சொல்லு."

இரண்டு கதவுகளுக்கும் நடுவே அதிக தூரமில்லை. உள்ளே இஃபத் குழந்தையிடம் கெஞ்சிக்கொண்டிருப்பது வெளியே கேட்டது. இன்னும் ஒரே ஒரு வாய் கண்ணு, இதான் கடைசி வாய். பவித்ரா மணியை அழுத்திவிட்டு அப்பாவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

கதவு திறந்தது. இடுப்பில் குழந்தையும் கையில் கிண்ணமுமாக இஃபத் நின்றாள். "வாங்கப்பா, எப்ப வந்தீங்க?" என்றாள் சந்தோஷமாக. குழந்தையின் உதட்டோரமெல்லாம் பச்சையாக அப்பியிருந்தது.

ஆனந்தன் அந்தக் கிண்ணத்துக்காகக் கையை நீட்டினார்.